மூன்றாம் ஓலை

சிட்லபாக்கம்,
2 பிப்ரவரி 2025

என் அவையே!

ஆம் ஜீவிதா, இன்று நான் விளித்துப் பேச உன்னை விட்டால் வேறு அவை இல்லை. அமர்ந்து கேள். உன் அக்காள் ஒரு முறையீட்டோடு நிற்கிறேன்.

நேற்று மாலை, உன்னை மணக்க இருக்கும் டெனிசும் அவர் தாயார் ரத்தினபாய் அம்மாளும் வந்திருந்தார்கள். நாற்பது கடந்து உனக்கொரு துணை வாய்த்ததில் எனக்குள்ள மகிழ்ச்சியை நீ அறிவாய். முறுக்கும் காப்பியும் வைத்தேன். குடித்து முடித்து, குவளையைக் கீழே வைத்தபிறகுதான் அம்மையார் வந்த காரியத்தை எடுத்தார்.

"டீச்சர், கல்யாணம் எங்க சபையிலதான். பொண்ணு நகை போடக் கூடாது, அது உங்களுக்கே தெரியும். மூஞ்சில பவுடர்கூட வேணாம். மையி, சாயம், ஒண்ணும் வேணாம். சோப்பு போட்டுக் கழுவின மூஞ்சியா வரட்டும்."

டெனிஸ் கைபேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அம்மா, அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்" என்றார்.

"அப்புறம்னா எப்படா? பொண்ணு கோயிலுக்குள்ள வந்தப்புறமா?" என்றவர், என் பக்கம் திரும்பினார். "இன்னா டீச்சர், மேடையில அந்த இடி இடிப்பீங்க. இன்னிக்கு ஒரு வார்த்தை வரலியே?"

நான் புன்னகைத்தேன். வேறென்ன செய்ய?

உன் முகத்துக்குப் பிறர் சட்டம் எழுதுகிறார்கள். இதுவே என் முறையீடு. உன் விடை என்ன? தொலைபேசியில் வேண்டாம், அழைத்தாலும் எடுக்க மாட்டேன். பேச்சு என்றால் "சரி விடுக்கா" என்று நீ நழுவிவிடுவாய். தாளில் எழுது. தாளில் நழுவுவது கடினம்.

நாக்பூர்க் குளிர் உன் நெஞ்சுச் சளியைக் கிளறியிருக்கும். வெந்நீர் குடி.

உன் அக்காள்
கெசியா

•

நாக்பூர்,
14 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு, ஸ்தோத்திரம்.

எனக்குச் சளி இல்லை. உனக்குத்தான் டிசம்பரில் தொண்டையில் சின்ன ஆபரேஷன் என்றாயே, ஆறிவிட்டதா? போனை எடுக்காதது என்ன புதுப் பழக்கம்? உன்னிடம் திட்டு வாங்காமல் எனக்கு வாரமே ஓடவில்லை.

நீ கேட்டதற்குப் பிறகு வருகிறேன். முதலில் என் விடுமுறை நாளைச் சொல்லிவிடுகிறேன். ஆய்வுக்கூடத்தில் வாரம் முழுக்க யார் யாருடைய ரத்தத்தையோ பிரித்துக்கொண்டு, முகமூடிக்குள் கிடக்கிறது என் முகம். விடுமுறை வந்தால் மட்டும் அதை வெளியே எடுக்கிறேன். இந்த மாதம் முழுக்க டிவியில் வெளிநாட்டுப் பட விருது விழாக்கள். ஒருத்தி கரும்பச்சை வெல்வெட் கவுனில் வந்தாள். கழுத்தில் ஒன்றுமில்லை, காதில் ஒன்றுமில்லை. உதட்டில் மட்டும் செங்கல் சிவப்பு. அக்கா, அந்த நிறம் நம் தோலுக்கென்றே செய்தது! நானும் போட்டுப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே முதலில் கொஞ்சம் ஆரஞ்சுப் பூச்சு. அது இல்லாமல் ஃபவுண்டேஷனைப் போட்டால் கருவளையம் சாம்பல் பூத்துவிடும். பிறகு ஐலைனர். பச்சைக்கு என் படுக்கை விரிப்புதான் கிடைத்தது. இடுப்பில் சுற்றி, மிச்சத்தைப் பின்னால் தரையில் இழுத்துக்கொண்டு வராந்தாவில் நடந்தேன். கூட இருக்கும் அனுப்பிரியா கத்தினாள்: "அக்கா, நில்லு! உன் கவுன் மேல டீயக் கொட்டிட்டேன்!"

சிரித்தது போதும் என்று கழுவிவிட்டுப் படுத்தேன். நல்ல தூக்கம்.

அந்த ஊர் நடிகைகளுக்கு வருடத்தில் பத்துச் செங்கம்பளம். நமக்கு ஒன்றே ஒன்று. மணப்பெண் நடக்கக் கோயில் நடுப்பாதையில் விரிப்பார்களே, அதுதான். டெனிசிடம் கேட்டேன், அவர்கள் சபையிலும் சிவப்புதானாம். வெள்ளைப் பட்டு, தலையில் நெட், நகையே வேண்டாம். அந்தச் செங்கல் சிவப்பு மட்டும். இருபது வயதிலிருந்து மனதுக்குள் நடந்து பார்த்துவிட்டேன்.

நீ பேசு அக்கா. உன் பேச்சுக்கு மைதானமே அடங்கும், ஒரு மாமியார் அடங்க மாட்டாரா?

உடம்பைப் பார்த்துக்கொள்.
ஜீவிதா

•

சிட்லபாக்கம்,
8 மார்ச் 2025

அன்புத் தங்கைக்கு,

நலம். தொண்டைப் புண் நன்கு ஆறிவிட்டதென்று மருத்துவர் சொன்னார். சளி இல்லை என்றாய், நல்லது.

நீ சொன்ன விழாக்களை நானும் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன், ஒலியை அணைத்துவிட்டு. சிரிக்காதே. இத்தனை ஆண்டு மேடைகளில் நான் சொற்களால் செய்ததை அவர்கள் ஒரு சொல்லும் இன்றிச் செய்கிறார்கள்! தோளை இப்படித் திருப்பினால் ஓர் அறைகூவல். தாடையைச் சற்றுத் தாழ்த்தினால் ஒரு மறுப்பு. சாம்பல் நிறக் குட்டைக் கூந்தலோடு ஒருத்தி, என் வயதுதான் இருக்கும், கருப்பு ஆடையில் வந்து நின்றாள். அந்த முகத்தில் ஒப்பனை இருப்பதே தெரியவில்லை. ஆனால் எவ்வளவு உழைத்திருந்தால் அது தெரியாமலிருக்கும்! நல்ல உரையும் அப்படித்தான்.

நீ விட்டுச் சென்ற உதட்டுச்சாயம் ஒன்று அலமாரியில் இருந்தது. பூசிக்கொண்டு, ஏரிக்கரைக் கடைக்குப் பால் வாங்கப் போனேன். கடைக்காரர் சாலமன், "டீச்சர், இன்னிக்கு எங்கனா ஃபங்ஷனா?" என்றார். இல்லை என்று தலையசைத்தேன். "அப்ப நல்லா கீது" என்றார். வீடு வரும்வரை அச்சொல்லை அசைபோட்டேன்.

வண்டலூரில் மகளிர் நாள் கூட்டத்துக்கு அழைத்திருந்தார்கள். போகவில்லை. களைப்பு. ரத்தினபாய் அம்மாளை விரைவில் காண்பேன்.

உன் அக்காள்
கெசியா

•

நாக்பூர்,
20 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு, ஸ்தோத்திரம்.

கருப்புக் கவுனைப் பற்றி ஒரு பக்கம் எழுதிய உனக்கு, நான் கேட்டதற்கு ஒரே வரிதானா? பேசினாயா இல்லையா?

ஈஸ்டர் கழிந்த ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்கு முதல் ஓலை. நம் கோயில் போலத்தான் அங்கேயும். மூன்று ஞாயிறு பெயரை வாசித்து, தடை உண்டா என்று சபையைக் கேட்பார்கள். அதற்குள் முடிவாக வேண்டும். டெனிஸ் நல்லவர்தான். நேற்று போனில் கேட்டதற்கு, "எங்கம்மாவ எதுத்து நான் என்னத்த பேசறது ஜீவி? உங்கக்காவ பேசச் சொல்லு, அவங்களுக்குத்தான் எங்கம்மா பயப்படுவாங்க" என்றார். எல்லாரும் உன் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

உன் குரலைக் கேட்டு மாதங்கள் ஆகிவிட்டன. வாட்ஸ்அப்பில் ஒரு ஆமென் சொல்லி அனுப்பு. அது போதும்.

வெயில் ஏறுகிறது. மோர் குடிக்கிறாயா?
ஜீவிதா

•

சிட்லபாக்கம்,
28 ஏப்ரல் 2025

அன்புத் தங்கைக்கு,

விடை தாமதமாயிற்று. உடல்நலக் குறைவு ஒன்றுமில்லை. மோர் குடிக்கிறேன்.

நேற்று டெனிசின் ராஜகீழ்ப்பாக்கம் சபையில் உங்கள் முதல் ஓலை வாசிக்கப்பட்டது. பெண்கள் பக்கம் கடைசிப் பாயில் அமர்ந்திருந்தேன். மூப்பர் எலியேசர் ஐயா மென்மையான மனிதர். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வாசித்தார். உன் பெயர், டெனிஸ் பெயர், பெற்றோர் பெயர். பிறகு, ஓலையில் எங்கும் கேட்டிராத ஒரு வரி: "மணமகள் சபையின் ஒழுங்கின்படி எவ்வித அலங்காரமும் இன்றி வருவார்." அதன்பின், "இதற்குத் தடை சொல்ல விரும்புவோர் எழுந்து நிற்கலாம்."

டெனிசைப் பார்த்தேன். அவர் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்தார். ரத்தினபாய் அம்மாள் என்னைப் பார்த்தார். நான் நிற்கவில்லை.

மூன்றாம் ஓலைக்குள் பேசிவிடுவேன். நம்பு.

கெசியா

•

நாக்பூர்,
6 மே 2025

அன்புள்ள அக்காவுக்கு,

விட்டுவிடு. ரத்தினபாய் அத்தைக்கு நானே போன் செய்து சரி என்று சொல்லிவிட்டேன். அவர் சந்தோஷப்பட்டு எனக்காக ஜெபம் செய்தார். நல்ல ஜெபம்தான்.

நீ பேசுவாய் பேசுவாய் என்று காத்திருந்ததில் எனக்கு அசதி வந்துவிட்டது. உன்மேல் கோபமில்லை. உனக்கும் வயதாகிறது. இரண்டு நிமிட நடை, அதற்கு ஏன் இவ்வளவு என்று நேற்றுத் தோன்றியது. பிரஷ்களையெல்லாம் அனுப்பிரியாவிடம் கொடுத்துவிட்டேன். "எதுக்குக்கா?" என்றாள். "எனக்கு அலர்ஜி" என்றேன்.

இங்கே வெயில் அடுப்பாய்க் கொதிக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடு.

ஜீவிதா

•

சிட்லபாக்கம்,
11 மே 2025

ஜீவிதா,

நலம் கேட்க இன்று எனக்கு நெஞ்சில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பிறர் சொல்லி நீ அறிவதற்குள் இது உன்னை எட்டாது என்பதும் தெரியும்.

இன்று மூன்றாம் ஓலை. அந்த வரியை எலியேசர் ஐயா மீண்டும் வாசித்தார். "தடை சொல்ல விரும்புவோர்" என்றார். எழுந்து நின்றேன்.

அந்த ஒரு வரியைத்தான் மறுக்க எழுந்தேன். மணத்துக்குத் தடையில்லை, இந்த வரிக்குச் சபையில் சான்று எங்கே? ஓலைக்குள் இதை நுழைத்தவர் யார்? இவ்வளவுதான் என் வினா. காலையிலிருந்து மனத்துள் சீர் செய்து வைத்திருந்தேன். வாய் திறந்தேன். காற்று வந்தது. ஒலி வரவில்லை.

டிசம்பரில் குரல்நாணில் இருந்த முடிச்சுகளை அகற்றினார்கள். புண் ஆறியது உண்மை. குரல் திரும்பவில்லை என்பதும் உண்மை. வரும் என்றார்கள், பிறகு வரலாம் என்றார்கள். இன்று மட்டும், இந்த ஒரு முறை மட்டும் வந்துவிடும் என்று எண்ணினேன்.

வாய் திறந்தபடி நான் நிற்க, சபை என்ன கண்டது? மணப்பெண்ணின் சொந்த அக்காள் தடைக்கு எழுந்துவிட்டாள்! ஒரு பெண் "ஐயையோ" என்றாள். ரத்தினபாய் அம்மாள் எழுந்தார். "என்னாங்க டீச்சர், தங்கச்சி கல்யாணத்துக்கு நீங்களே தடையா? என்னா சமாச்சாரம், சொல்லுங்க! முன்னமே யாரையாவது கட்டிகிச்சா அது?" நான் இல்லை இல்லை என்று கையசைத்தேன். அக்கையசைவை அவர்கள் "நடத்தாதீர்கள்" என்று படித்தார்கள் போலும். "சொல்ல முடியாத காரணம்னா பெரிய காரணம்தான்" என்றார் ஒருவர் ஆண்கள் பக்கத்திலிருந்து.

எலியேசர் ஐயா ஓலையை மடித்துவிட்டார். தடை எழுந்தால் விசாரிக்காமல் மணம் நடத்தக்கூடாது என்பது முறை.

பையில் தாளும் எழுதுகோலும் இருந்தன. எடுத்திருக்கலாம் என்று வீடு வந்த பிறகுதான் தோன்றியது.

கெசியா

•

நாக்பூர்,
29 மே 2025

அக்காவுக்கு,

அன்று மதியமே டெனிஸ் போன் செய்தார். "உங்கக்கா தடை சொல்லிட்டாங்க" என்றார். அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. உன் கடிதம் வரும்வரை, நான் செய்த எந்தத் தப்பு உனக்குத் தெரிந்துவிட்டது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்படி ஒன்றுமில்லை என்று எனக்கே தெரிந்தும் யோசித்தேன்.

உன் கடிதம் வந்த பிறகும் எழுத முடியவில்லை, டெனிசிடமும் எதுவும் சொல்லவில்லை; அது நீ சொல்ல வேண்டியது. சரி சொன்ன என் கடிதம் நீ எழுந்து நின்றதற்கு மறுநாள்தான் உனக்கு வந்திருக்கும். நான் சம்மதித்துவிட்ட ஒன்றுக்காக நீ எழுந்து நின்றிருக்கிறாய். யார் உன்னை நிற்கச் சொன்னது? குரல் இல்லை என்று பிப்ரவரியில் ஒரு வரி எழுதியிருந்தால் உன் வாயைப் பார்த்துக்கொண்டு நாங்கள் இருந்திருப்போமா? ஒலியை அணைத்துவிட்டுப் பார்க்கிறேன் என்றாய். எனக்கு உறைக்கவில்லை. என்மேலும் கோபம்.

இன்னொன்று சொல்ல வேண்டும். இந்த மாதம் கடலோர ஊர் ஒன்றில் படவிழா நடந்தது. படிக்கட்டு முழுக்கச் சிவப்புக் கம்பளம் விரிக்கும் விழா. நான் பார்க்கவில்லை. விடுமுறை நாளில் மத்தியானம் வரை படுத்துக் கிடந்தேன். முகம் கழுவினேன், கண்ணாடியைப் பார்க்காமல் துடைத்தேன். சரி சொன்னால் மனசு லேசாகும் என்று நினைத்தேன் அக்கா. லேசாகவில்லை. காலியாகத்தான் ஆனது.

மருத்துவரிடம் மறுபடி போனாயா? உண்மையை எழுது.

ஜீவிதா

•

சிட்லபாக்கம்,
3 ஜூன் 2025

அன்புத் தங்கைக்கு,

உன் கோபம் நியாயம். அதை அப்படியே ஏற்கிறேன். மருத்துவரிடம் போனேன், குரற்பயிற்சி தந்திருக்கிறார். தினமும் "உம்" என்று முனகச் சொல்கிறார். முனகுகிறேன்.

நேற்று மாலை டெனிஸ் வந்தார். பணிமனையிலிருந்து நேரே, சட்டையில் எண்ணெய்க் கறையோடு. வாசலிலேயே, "என்னாக்கா இப்படிப் பண்ணிட்டீங்க? தெருவுல தலகாட்ட முடியல" என்றார். நான் தாளை எடுத்தேன். எழுத எழுத அவர் முகம் மாறியது.

"குரலே இல்லியா? அப்ப மணத்துக்குத் தடையில்லியா? அந்த ஒரு லைனுக்கா?"

தலையசைத்தேன். பிறகு தாளில் கேட்டேன்: உமக்கு என்ன வேண்டும்?

தலையைச் சொறிந்தார். "ஜீவி ஒரு போட்டோ அனுப்பிச்சிது. பச்சை பெட்ஷீட்ட சுத்திகினு, உதட்டுல அந்த செவப்போட. பாத்துட்டு நான் மெஷின நிறுத்திட்டேன்க்கா. எவனாவது வந்து பாத்துடப் போறான்னு பாக்கெட்ல போட்டுகினேன். மறுபடி எடுத்துப் பாத்தேன். அந்த மூஞ்சிதான் கோயிலுக்குள்ள வரணும்னு ஆசை. எங்கம்மா முன்னாடி சொல்லத்தான் நாக்கு எழும்பல."

குரலற்றவள் ஒருத்தி, குரலிருந்தும் எழாதவர் ஒருவர். நல்ல கூட்டம்! இருவரும் காப்பி குடித்தோம்.

எலியேசர் ஐயாவுக்கு விளக்கத்தை எழுதிக் கொடுத்துவிட்டேன். வாசித்துவிட்டு அவர் சொன்னது இது: "அலங்காரம் வேணாம்னு பொண்ணே ஒத்துக்கிட்டதா ரத்தினபாய் அம்மா சொல்றாங்க. அப்ப அக்கா சொல்றதும் நிக்காது, அம்மா சொல்றதும் நிக்காது. பொண்ணு கையால ஒரு எழுத்து வரட்டும். பதினஞ்சாந்தேதி ஞாயித்துக்கிழமை சபையில வாசிக்கிறேன். வரலன்னா ஓலைய ரத்து பண்ணிடுவேன்."

சரியான சொல். இனி நான் உனக்காக எழுந்து நிற்க மாட்டேன். உன் சொல் எதுவாயினும் நானே கொண்டு போய்க் கொடுப்பேன்.

கெசியா

•

நாக்பூர்,
9 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு, ஸ்தோத்திரம்.

எலியேசர் ஐயாவுக்கு எழுதியது இதனுடன் இருக்கிறது. உறையை ஒட்டவில்லை, நீயும் படி.

"மதிப்புக்குரிய ஐயா, அலங்காரம் இன்றி வருவதாக நான் தந்த சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன். அது அசதியில் தந்தது. டெனிசை மணக்க எனக்குத் தடையில்லை. முகத்தைத் துடைத்துவிட்டு மணக்கத்தான் தடை. இது பெருமைக்காக அல்ல. என்னை நானே பார்த்துக்கொள்ளும் ஒரே நேரம் அலங்கரிக்கும் நேரம்தான். தங்கள் சபையின் ஒழுங்கை மாற்றச் சொல்லவில்லை. நான் இப்படித்தான் என்று சொல்கிறேன். ஜீவிதா."

பிரஷ்களைக் கேட்டதும் அனுப்பிரியா பெட்டியோடு தந்தாள். "உனக்கு அலர்ஜின்னு நான் நம்பவே இல்ல" என்றாள்.

முனகு. நிறுத்தாதே.
ஜீவிதா

•

சிட்லபாக்கம்,
15 ஜூன் 2025

அன்புத் தங்கைக்கு,

உன் எழுத்தை இன்று எலியேசர் ஐயா ஒரு சொல்லும் குறைக்காமல் வாசித்தார். மடித்து வைத்துவிட்டு, "தம்பி, நீ என்ன சொல்ற?" என்றார்.

டெனிஸ் எழுந்தார். "எனக்கும் அதேதான் ஐயா."

"டேய், உக்காருடா" என்றார் ரத்தினபாய் அம்மாள்.

"இல்லம்மா. நிக்கறேன்."

ஜீவிதா, கையிலிருந்த பாட்டுப் புத்தகத்தை அவர் கீழே வைத்தார். நின்றார்.

எலியேசர் ஐயா கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப இங்க நடத்த முடியாது. ஒழுங்கு ஒழுங்குதான். வேற கோயில்ல நடக்கட்டும். கூப்பிட்டா வந்து பின்னாடி உக்காருவேன்" என்றார். வென்றோம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பிறந்த நாள் முதல் இருந்த சபையை டெனிஸ் இழந்தார். அவர் தாயார் யாரோடும் பேசாமல் வெளியேறினார்.

ஆட்டோ நிறுத்தத்தில் அவர் அருகில் போய் நின்றேன். வெயிலில் கண் சுருங்கியிருந்தது. "நெஜமாவே குரல் போச்சா உங்களுக்கு?" என்றார். தலையசைத்தேன். "நான் திமிருன்னு நெனச்சேன்" என்றார். பிறகு, "சாயம் பூசின கன்னத்துல நான் எப்படிம்மா முத்தம் கொடுப்பேன்?" ஆட்டோ வந்தது. ஏறிப் போய்விட்டார். மணத்துக்கு வருவாரா, தெரியாது. முத்தத்தைப் பற்றிய அவர் வினாவுக்கு விடை உன்னிடம் இருக்கலாம்.

பிற்பகல் நானும் டெனிசும் தாம்பரத்தில் நம் ஆயர் ஜெபகுமாரைக் கண்டோம். டெனிஸ் பேசினார், நான் எழுதினேன். ஆயர் மணம் நடத்தி வைக்க இசைந்தார். ஒரே நிபந்தனை. ஒரு முறை தடை எழுந்த ஓலை ஆகையால், மணமக்கள் இருவரும் நேரில் வந்து அவர் முன் கையெழுத்திட வேண்டும். சனிக்கிழமைக்குள் இட்டால் வரும் ஞாயிறே முதல் ஓலை. தாமதித்தால் மூன்று ஓலை முடிவதற்குள் அவர் வெளியூர் போய்விடுவார், ஆகஸ்டில்தான் திரும்புவார்.

ஆகஸ்டு வரை டெனிசின் தாயார் அழுவார். சபையார் வந்து வந்து அறிவுரை சொல்வார்கள். நீ அங்கே தனியே கிடந்து மீண்டும் அசதியுறுவாய். அசதியில் நீ என்ன சொல்வாய் என்பதை நாம் இருவரும் அறிவோம். நானும் அசதியில் இருக்கிறேன், தங்கையே. அதனால்தான் சொல்கிறேன்: நாள் கடத்த நம் இருவரிடமும் வலுவில்லை.

ஆகவே கேள். இதை விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன், புதன்கிழமை உனக்குக் கிடைத்துவிடும். இதைப் படித்து முடித்ததும் மடித்து வைக்காதே. விடை எழுதாதே. எழு. விடுப்புக்கு எழுதிக் கொடு. இன்றே வண்டி ஏறு; இடம் கிடைக்காவிட்டால் நின்றுகொண்டு வா. உனக்குப் பிடித்த முகத்தோடு வந்து தாம்பரத்தில் இறங்கு. ஆயர் முன் உன் பெயரை உன் கையால் எழுது.

புறப்படு!

கெசியா